நாம் நட்ட சாமி

என் ஆசை மாப்ளே வெள்ளையா,

நீ போன இடத்திலாவது மேடு பள்ளம் இல்லாமல் இருக்கட்டும். இங்கே உன் மச்சான் உன்னால் நட்டநடு வளைவில் மாட்டிக்கொண்டு முழிக்கிறேன். செத்தவனைத் திட்டக் கூடாது என்பார்கள். உன்னைத் திட்டாமல் எனக்குச் சோறு இறங்குவதில்லை, போடா.

நம் சைக்கிள் சவாரி நிற்கவில்லை. ஞாயிறு தவறாமல் மலைமேல் வாசலூர்பட்டி படகுத்துறைப் பக்கம் ஏழெட்டுப் பேர் சேர்ந்துவிடுகிறார்கள். சேலத்துக்காரர்கள், பெங்களூர்க்காரர்கள். முன்பு கல் லாரிகள் ஓடி, குவாரி மூடியபின் சும்மா கிடக்கிற அதே தடத்தில்தான் கூட்டிப் போகிறேன். மரமேறிய மிளகுக் கொடியையும் மரவள்ளிக் காட்டையும் பார்த்து இன்னும் வாயைப் பிளக்கிறார்கள். வரிசையில் நீ போன முன்னிடத்தில் இப்போது நான் போகிறேன். நான் வந்த கடைசி இடம் காலியாகவே இருக்கிறது.

அந்தப் பெரிய வளைவில் ஆரம்பத்தில் என்ன பாடு பட்டோம், ஞாபகம் இருக்கிறதா? அதுவரைக்கும் பிரேக்கை அழுத்திக்கொண்டே இறங்கி வருவார்கள். பிரேக் கட்டை சூடேறிப் பிடிக்காமல் போகும். அதற்குக் கீழேதான் செங்குத்து இறக்கம். "கால் மணி நேரம் நின்னு, ஆறவிட்டுப் போங்க சார்" என்று தொண்டைத் தண்ணீர் வற்றக் கத்துவோம். யார் காதில் ஏறியது? சேலத்து ஆள் ஒருவர் பள்ளத்தில் பாய்ந்து தோள் எலும்பை முறித்துக்கொண்ட அன்றைக்கு நீ சொன்னாய்:

"பிரேக்குக்கு நிக்க மாட்டானுங்க மச்சான். சாமின்னா நிப்பானுங்க."

அடிவாரத்தில் என் வீட்டுக் கொல்லையில் ஆட்டுக்கல் குழவி ஒன்று கிடந்தது. கிரைண்டர் வந்தபிறகு அதை யார் சீண்டினார்கள்? சாக்கில் சுற்றி பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு வந்தோம். கைப்பிடிக் கட்டை செருகுகிற குழி மண்ணுக்குள் போகும்படி தலைகீழாக நட்டோம். மேலே தெரிந்த வழுவழு முண்டில் நீ மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்து, தடத்தய்யன் என்று பேரும் வைத்தாய். இங்கே உட்காராமல் இறங்கினால் அய்யனுக்குக் கோபம் வரும் என்று கதையும் கட்டினாய். நின்றார்களடா! செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார்கள். பிறகு ஒருவர்கூட விழவில்லை. நானும் நீயும் சிரித்துச் சிரித்து வயிறு புண்ணாகிப் போனோம்.

மாசம் திரும்புவதற்குள் யாரோ எலுமிச்சம்பழம் வைத்தார்கள். அப்புறம் வேல் வந்தது, மணி வந்தது. ஆலத்தூர் நாட்டு அண்ணன் தம்பி இரண்டு பேர் வரப்புத் தகராறுக்கு அங்கே வந்து சத்தியம் பண்ணினார்கள். அப்போதே சொல்லியிருக்கலாம். "விடு மச்சான், நல்லதுதானே நடக்குது" என்றாய். உன் பெண்டாட்டி பொன்னியிடமாவது சொல்லடா என்றேன். "அவ வாயில ஒண்ணும் நிக்காது" என்று சொல்லிவிட்டாய்.

உனக்கு மஞ்சள் காமாலை முற்றிக் கிடந்தபோது அவள் அய்யனுக்குச் செஞ்சேவல் நேர்ந்துகொண்டாள். நீ என்ன செய்தாய்? படுத்த படுக்கையிலும் சிரித்தாய். "அந்தக் கல்லுக்கா சேவல்? குழம்பு வை புள்ள, நானாச்சும் திங்கிறேன்." கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து நானும் சிரித்தேன். உன் பேச்சைத் தட்டி அதை அய்யனிடம் கொண்டுபோக மனசில்லாமல், அவள் சேவலைத் திரும்பக் கூண்டில் விட்டாள். ஒன்பதாம் நாள் நீ போய்விட்டாய்.

சேவல் இன்னும் உயிரோடு இருக்கிறது. அதை அவளால் அறுக்கவும் முடியவில்லை, விற்கவும் முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஆனால் அந்த வளைவில் வந்து உட்கார்ந்துகொள்கிறாள். நான் சைக்கிள்காரர்களை நிறுத்தி, நீ கட்டிய கதையை அவள் முன்னாலேயே சொல்ல வேண்டியிருக்கிறது. நான் முடித்ததும் அவள் அவர்களிடம் சொல்லுவாள்: "சக்தியான சாமிங்க. எங்கூட்டுக்காரரு சிரிச்சுப்புட்டாரு, கொண்டுபோயிருச்சு. சேவலை நிறுத்தினது நாந்தானுங்க."

நான் என்னடா செய்வேன்? உண்மையைச் சொன்னால் அங்கே சத்தியம் பண்ணின சனம் அடிவாரத்துக் கீழ்நாட்டான் என்னைச் சும்மா விடுமா? உன் பேர் என்ன ஆகும்? நான் சவாரியை விட்டுவிட்டு அடிவாரத்துக்கே ஓடிப் போகலாம் என்றால், சைக்கிள் வாடகைக்குக் கொடுப்பவர்கள் வழிகாட்ட ஆளில்லாமலே அனுப்பிவிடுவார்கள். எந்தப் பக்கம் திரும்பினாலும் அந்தக் கல் முட்டுகிறது.

போன ஞாயிறு பொன்னி உன் மகள் மல்லிகாவையும் கூட்டி வந்திருந்தாள். எட்டுப் பேர் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நிற்க, பிள்ளையை மண்டியிட வைத்தாள். "சொல்லு கண்ணு" என்றாள். மல்லிகா கையைக் கூப்பிக்கொண்டு சொன்னாள்: "எங்கப்பா சிரிச்சது தப்புங்க சாமி. மன்னிச்சிருங்க."

எங்கள் வீட்டுக் குழவியிடம், மாப்ளே! உன்னைப்போல் இன்னொரு நல்லவன் இந்த மலையில் பிறக்கவில்லை. உனக்காக உன் பிள்ளை மன்னிப்புக் கேட்டது. என்னால் தாங்க முடியவில்லை, அழுதுவிட்டேன்.

"ஏனுங்கண்ணா அழுவறீங்க? அய்யன் மன்னிச்சிருவாருங்க" என்று பொன்னி எனக்கு ஆறுதல் சொன்னாள். கண்ணில் தூசி விழுந்துவிட்டது என்று புளுகினேன். பொய் சொல்லத்தான் நன்றாகப் பழக்கிவிட்டிருக்கிறாயே.

போதும். வருகிற ஞாயிறு, சவாரிக்காரர்கள் வருவதற்கு முன்னால் பொன்னியை மட்டும் கூட்டிக்கொண்டு கடப்பாரையோடு போகப் போகிறேன். எனக்குப் பேச வராது. கல்லைப் பெயர்த்துப் புரட்டி, அவள் விரலைப் பிடித்து அந்தக் குழிக்குள் வைப்பேன். வருஷக்கணக்காக மாவாட்டின கை, அது என்ன குழி என்று அதற்குத் தெரியாதா? அதற்குப் பிறகு என்னை அடித்தாலும் சரி, ஊரைக் கூட்டினாலும் சரி, வாங்கிக்கொள்கிறேன். உன்னைத் திட்டுவாள், திட்டட்டும். தன்னைத் திட்டிக்கொள்ள மாட்டாள்.

சவாரிக்காரர்களைப் பற்றிக் கவலைப்படாதே. சாமி இல்லாத வளைவில் என் சைக்கிளைக் குறுக்கே போட்டு நானே நிற்கிறேன். என்னைத் தாண்டி ஒருத்தனும் சூடான பிரேக்கோடு இறங்கமாட்டான். இது சத்தியம். எந்தக் கல்லின் மேலும் இல்லை, உன் மகள் தலை மேல்.

பொன்னிக்கு அண்ணன், மல்லிகாவுக்குத் தாய்மாமன்,
உன்னோடு சேர்ந்து சிரித்த பாவி,
உன் மச்சான் சுப்பு.