ஸ்குரூவில் வைத்த சந்தனம்

12.6.2004, சனி

பழைய காரின் துருப்பிடித்த கதவைப் பற்றவைக்க, தம்பி மாதிரி பழகிய பட்டறைக்காரன் செல்லத்துரையிடம் வாங்கிய மிக் வெல்டிங் மிஷினை இன்று திறந்து பார்த்தேன். உள்ளே கேஸ் வால்வையே காணோம். சிலிண்டரிலிருந்து வரும் குழாய் சும்மா தொங்குகிறது. ஒரு மாதமாக நான் திறந்துவிட்ட கேஸெல்லாம் பெட்டிக்குள்ளேயே போயிருக்கிறது.

வாங்குமுன் அவன் பட்டறையில் இதே மிஷின் ஒட்டிய இடம் தெரியாமல் ஒட்டியது. என் ஷெட்டில் வைத்த ஒட்டெல்லாம், காற்றைத் தடுக்க அந்தக் கேஸ் வராததால், தேன்கூடு மாதிரி பொத்தல். கேட்டால், "மிஷினு தங்கம் அண்ணாச்சி. ஒங்களுக்குக் கைதான் பழகல" என்பான்.

கொண்டுவந்து இறக்கிய அன்று அவனே சூடம் காட்டினான். மூடியின் நான்கு ஸ்குரூவிலும் அவனே சந்தனம் குங்குமம் வைத்தான்.

"சாமி கும்பிட்ட மிஷினு. ஒரு மண்டலத்துக்கு மூடியில கை வச்சிராதீய."

நானும் வைக்கவில்லை. தூசி துடைக்கும்போதுகூடப் பொட்டு அழியாமல் துடைத்தேன். இன்று காலை ஒரு பொட்டு காய்ந்து உதிர்ந்திருந்தது. அடியில், ஸ்குரூ தலையில் புதுக் கீறல். அப்புறம்தான் கழற்றினேன்.

சாயங்காலம் போய்க் கேட்டேன். மறைக்கக்கூட இல்லை.

"என் மிஷினுல வால்வு போயிட்டு, அவசரத்துக்கு எடுத்தேன். எனக்கு இது பொழப்பு. நீங்க சும்மா பொழுதுபோக்குக்குத்தானே செய்யுதீய?"

வால்வு போகட்டும். போன ஞாயிற்றுக்கிழமை, இவ்வளவு சொல்லிக்கொடுத்தும் எனக்குக் கை வரவில்லையே, உன் நேரத்தையும் வீணாக்கிவிட்டேனே என்று அவனிடம் மன்னிப்புக் கேட்டேன். தோளில் தட்டிக்கொடுத்து, "பரவால்ல அண்ணாச்சி" என்றான்.