சக்கையின் வயது

9 ஜூன் 1931

சுகாதார இலாகா டாக்டர் ஞானதாசன் காலையில் பள்ளிக்கு வந்தார். மதுரைக்காரர், நாகர்கோவிலுக்கு மாற்றலாகி இரண்டு மாதம்தான் ஆகிறது. கொக்கிப்புழு ஒழிப்புக்காக எங்கள் தையல் ஆசிரியை செல்லபாய் ஊர் ஊராகக் கொண்டுபோய்க் காட்டும் கைப்பொம்மையின் பெயரை மாற்ற வேண்டுமாம்.

“சக்கைன்னா பிழிஞ்சு எறியறது. ஒண்ணுக்கும் உதவாதது. சர்க்கார் காரியத்துக்கு இப்படியா பேர் வைப்பாங்க?”

இங்கே சக்கை என்றால் பலாப்பழம் என்றேன். நம்பவில்லை. ப்யூனைச் சந்தைக்கு அனுப்பி அரைச் சக்கை வாங்கிவரச் செய்து மேசைமேல் வைத்தேன். எட்டுச் சுளை தின்றார். பெயர் தப்பியது.

11 ஜூன்

சக்கையைப் பற்றி ஜனங்கள் கொண்டிருக்கும் எண்ணங்கள் வேடிக்கையாக இருக்கின்றன. தொட்டால் மஞ்சள்காமாலை வரும் என்கிறார்கள், முகம் மஞ்சளாக இருப்பதால். (முகத்தில் ஒட்டிய துணியைப் பூச்சி அரிக்காமலிருக்க மஞ்சளில் முக்கியது என்று செல்லபாய் சொன்னாள்.) தலைக்குள் இருப்பது மணவாளக்குறிச்சிக் கறுப்பு மணல், அதை வெள்ளைக்காரன் கப்பலில் கொண்டுபோகிறான் அல்லவா, அதனால்தான் பொம்மைக்குப் பேச்சு வருகிறது என்று ஒருவர். உண்மையில் தலை முழுக்கப் பழைய பரீட்சைத் தாள். வெந்தயத்தோடு ஊறவைத்து இடித்த கூழ். எங்கள் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளின் தவறான விடைகள் எல்லாம் அதற்குள் இருக்கின்றன.

குழந்தைகளுக்கு இந்தக் கவலை ஒன்றும் இல்லை. ஒரு டிரங்குப் பெட்டி, அதன் முன் ஒரு படுக்கை விரிப்பு, மேலே சக்கையின் மஞ்சள் தலை. அது வந்ததும் கத்தித் தீர்க்கிறார்கள். அதற்கு ‘ர’ வராது. “மயுந்து குடிச்சியா மக்கா?” என்கிறது. இப்போது என் பள்ளியில் பாதிப்பேர் மயுந்து என்றுதான் சொல்கிறார்கள். உச்சரிப்பைச் சரிசெய்யச் சொன்னேன். செல்லபாய், “சரியம்மா” என்றாள். சரிசெய்யவில்லை.

இரணியலுக்கு மட்டும் அவள் பொம்மையாட்டம் நடத்த வர மறுக்கிறாள். அது அவள் புருஷன் வீட்டு ஊர். விதவைக்கு அங்கே கசப்பு இருக்கலாம். நான் கேட்கவில்லை.

17 ஜூன்

மணவாளக்குறிச்சிக் கடற்கரையில் நேற்று மருந்து கொடுக்கும் நாள். நூற்றுநாற்பது குழந்தைகளுக்குச் சீட்டு எழுதியிருந்தது. வந்தவர்கள் பத்தொன்பது.

காரணத்தை அண்ணன் சொன்னான். இஸ்ரவேல் அண்ணன் உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றபின் ஊர்ச்செய்தி முழுவதும் அவன் வழியாகத்தான் போகிறது.

“ஏட்டி, ஒனக்க பொம்மை நெசத்துல ஒரு பிள்ளையாம். சர்க்கார் மருந்தைக் குடிச்சுச் செத்துப்போச்சாம். அதுக்க ஆவியைப் பொம்மையில அடைச்சு வச்சிருக்கியளாம்.”

“நீ நம்புகிறாயா?”

“நான் பென்சன்காரன். எனக்கு நம்பிக்கை எல்லாம் பென்சன் மேலதான்.”

18 ஜூன்

இதற்கு ஒரு நோட்டீசு போட வேண்டும். எதையும் ஆதாரமில்லாமல் எழுதுவதில்லை என்பது சென்னையில் படித்த காலத்திலிருந்தே என் வழக்கம். பொம்மையைச் செய்து பெயர் வைத்தவள் செல்லபாய்; பிள்ளை இருந்திருந்தால் அவளுடையதாகத்தான் இருக்க வேண்டும். பள்ளி அலமாரியில் அவள் 1921இல் வேலைக்குக் கொடுத்த மனு இருந்தது. பெயர், சபை, விதவை. ‘பிள்ளைகள்: இல்லை.’ அவள் கையெழுத்துதான்.

அது போதும். ஒரு மணி நேரத்தில் எழுதி முடித்தேன். காமாலை, மணல், ஆவி ஆகிய மூன்றையும் ஒவ்வொன்றாக மறுத்திருக்கிறேன். கடைசி வாக்கியம்: “சக்கை என்றொரு குழந்தை எக்காலத்திலும் இருந்ததில்லை.”

24 ஜூன்

நோட்டீசு அச்சாகி வந்தது. எல்லாச் சபைகளிலும் வாசிக்க ஏற்பாடு. செல்லபாயிடம் ஒரு பிரதி கொடுத்தேன். மெஷினை நிறுத்திவிட்டு இருமுறை படித்தாள்.

“நல்லா எழுதியிருக்கிய அம்மா.”

மடித்து ஊசிப்பெட்டிக்குள் வைத்துக்கொண்டாள்.

1 ஜூலை

இராஜாக்கமங்கலத்தில் ஆட்டம். நானும் போயிருந்தேன். சக்கை வந்தது, தலையாட்டியது, கைதட்டியது. பேசவில்லை. பிள்ளைகள், “ஏலே சக்கை, ஒனக்கு நாக்கு தேஞ்சு போச்சா?” என்று கேட்டுப் பார்த்துவிட்டுப் பாதியில் எழுந்து போய்விட்டார்கள்.

தொண்டை சரியில்லையா என்று கேட்டேன். தொண்டைக்கு ஒன்றுமில்லை என்றாள்.

4 ஜூலை

இன்றும் பேசவில்லை. எரிச்சலாக இருக்கிறது. நோட்டீசில் அவள் பெயரைப் போடாததால் வருத்தமா? இவ்வளவுக்கும் இவள் அப்படிப்பட்டவள் அல்ல.

8 ஜூலை

டாக்டருடன் மணவாளக்குறிச்சி போனேன். வராத குழந்தைகளின் வீடுகளுக்கு நேரே போவதாகத் திட்டம்.

வியாகுலம்மாள் என்ற மீன்காரியின் குடிசை. மகள் செசிலி, ஒன்பது வயது, கதவில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். உதட்டுக்கும் கன்னத்துக்கும் நிறத்தில் வித்தியாசமே இல்லை. எங்களுக்காக எழுந்து நின்றதற்கே மூச்சு வாங்கினாள். டாக்டர் கண்ணிமையை இழுத்துப் பார்த்துவிட்டு என்னிடம் ஆங்கிலத்தில் சொன்னார்: புழு இரத்தத்தை உறிஞ்சிவிட்டது, இன்னும் ஒரு மாதம் தள்ளினால் மருந்து கொடுத்தும் பயனிருக்காது.

தாய் மறுத்தாள். நோட்டீசை எடுத்துக் காட்டினேன். சர்ச்சில் வேலை பார்க்கும் கோயில்பிள்ளை ஏற்கெனவே வாசித்துக் காட்டிவிட்டானாம்.

“அதுல உள்ளது கள்ளம்.”

“எது கள்ளம்?”

“இப்படி ஒரு பிள்ளையே கெடையாதுன்னு அச்சடிச்சிருக்கிய. இரணியல்ல நான் மீன் கொண்டுபோற வீட்டுல அந்தப் பிள்ளை எனக்க கடவத்தைப் புடிச்சிட்டு நிப்பான். ‘சாளை தா’ம்பான். எனக்க கையால குடுத்திருக்கேன். பேரு கேட்டா சக்கைன்னுதான் சொல்லுவான். அவனைப் பெத்த தள்ளைதான ஒங்க கூட வார தையக்காரி?”

கையிலிருந்த நோட்டீசை மடித்தேன்.

“இருந்த பிள்ளைய இல்லன்னு சொல்லுதவிய, மருந்துல ஒரு தோஷமும் இல்லன்னு சொன்னா நான் எப்படி நம்புவேன்? சொல்லுங்கம்மா. நீங்க படிச்சவிய.”

பனையோலைக் கடவத்தைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு போய்விட்டாள். செசிலி மறுபடி கதவில் சாய்ந்துகொண்டாள்.

அவள் கேட்டதில் தர்க்கப் பிழை எதுவும் இல்லை. வண்டியில் வரும்போது தேடிப் பார்த்தேன்.

9 ஜூலை

பள்ளி விட்டபின் தையல் அறைக்குப் போனேன். செல்லபாய் பொத்தான் துளை தைத்துக்கொண்டிருந்தாள்.

“இரணியலில் உனக்கு ஒரு பிள்ளை இருந்தானா?”

“இருந்தான்.”

“மனுவில் இல்லை என்று எழுதியிருந்தாயே.”

“எழுதும்போ இல்லம்மா.”

ஊசி ஓடும் சத்தம் கேட்டது. அப்படி ஒரு சத்தம் உண்டு என்று இன்றுதான் தெரிந்தது.

“நோட்டீசு எழுதுமுன் சொல்லியிருக்கலாமே.”

“நீங்க என்கிட்ட கேக்கலியே. மனுகிட்டதான கேட்டிய.”

பிறகு அவளே சொன்னாள். 1915இல் பிறந்தவன், 1919இல் போனான். மருந்து எதுவும் குடிக்கவில்லை. சோகை என்றார்கள், வேறொன்றும் செய்ய யாருக்கும் தெரியவில்லை. முகம் மஞ்சளாகிக் கால் வீங்கி இறந்தான். மஞ்சளில் முக்கியது பூச்சிக்காக அல்ல.

“சக்கரேன்னுதான் விளிப்பேன். அவனுக்கு ‘ர’ வராது. எனக்க பேரு சக்கைம்பான்.”

பலாப்பழம் அல்ல, சர்க்கரை. டாக்டருக்கு நான் எட்டுச் சுளை ஊட்டி நிரூபித்த அர்த்தமும் தப்பு.

ஜனங்கள் நினைத்ததில் பாதி சரி. குழந்தை இருந்தான், இறந்தான். மருந்து மட்டும் இடம் மாறிவிட்டது. நான் அந்தப் பாதியைப் பிரித்து எடுக்காமல் முழுவதையும் துடைத்துவிட்டேன்— அச்சில். ஏன் கேட்கவில்லை? பத்து வருஷமாக அடுத்த அறையில் உட்கார்ந்திருக்கிறாள். கேட்க என்ன கஷ்டம் எனக்கு? ஒரு வாய்ச்சொல். காகிதத்தைப் போய்க் கேட்டிருக்கேன்.

10 ஜூலை

மன்னிப்புக் கேட்டேன். “வெளிச்சத்தை மறைக்கிய, கொஞ்சம் தள்ளி நில்லுங்கம்மா” என்றாள். மணவாளக்குறிச்சிக்கு எப்போது போவது என்றும் கேட்டாள்.

12 ஜூலை

ஞாயிறு பூசை முடிந்து ஜனங்கள் வெளியே வரும் நேரம் போய்ச் சேர்ந்தோம். பெட்டியும் விரிப்பும் வேண்டாம் என்றுவிட்டாள். வியாகுலம்மாள் வீட்டு முற்றத்து மணலில் உட்கார்ந்து பொம்மையைக் கையில் மாட்டிக்கொண்டாள். அக்கம்பக்கத்துப் பெண்கள் கூடிவிட்டார்கள்.

வியாகுலம்மாள் பொம்மையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள். “ஏட்டி, அவனுக்க மூக்கு இப்படியா இருந்து?”

“பரீட்சைத் தாளுல மூக்கு எம்புட்டு வரும்?”

இருவரும் சிரித்தார்கள். நான் எதிர்பார்க்கவில்லை.

“எந்தத் தீனத்துல போனான்?”

“இதேதான். ஒனக்க மகளைப் போலத்தான் இளைப்பான். அன்னைக்கு இந்த மருந்து நம்ம பக்கம் வரல்ல. வந்திருந்தா நான் இப்ப பொம்மையைப் புடிச்சிட்டு உக்காந்திருப்பேனா?”

நான் முன்னே போய், நோட்டீசை எழுதியவள் நான், அதில் கடைசி வரி பொய், தெரியாமல் எழுதிவிட்டேன் என்று சொன்னேன். பெண்கள் என்னைப் பார்க்கவில்லை, பொம்மையைத்தான் பார்த்தார்கள். அதுவும் நல்லதுதான்.

சக்கை பதினெட்டு நாளுக்குப்பின் பேசியது. “மயுந்து நாத்தம் அடிக்கும் மக்கா. மூக்கைப் பொத்திக்கிடு.”

செசிலி மூக்கைப் பொத்திக்கொண்டு குடித்தாள். அவள் தாய் டம்ளரை வாங்கி, அடியில் மிச்சம் இருக்கிறதா என்று பார்த்தாள். பிறகு சுற்றி நின்றவர்களிடம், “என்னட்டீ பாக்கிய? பிள்ளையளக் கூட்டிட்டு வாங்க” என்றாள்.

14 ஜூலை

மறுப்பு நோட்டீசு எழுதிவிட்டேன். அண்ணன் படித்துவிட்டு, “ஒரு நோட்டீசுக்கு மறு நோட்டீசு போட்டா, மூணாவதா ஒண்ணு எப்ப வரும்னு கேப்பானுவ” என்றான். கேட்கட்டும். செல்லபாய் ஒரு சொல்லைத் திருத்தினாள். ‘காலமானான்’ என்பதை அடித்து ‘செத்துப்போனான்’ என்று எழுதினாள்.

2 ஆகஸ்டு

மணவாளக்குறிச்சி: நூற்றுநாற்பதில் நூற்றிருபத்தாறு பேர். செசிலிக்கு இரண்டாம் முறை மருந்து. உதடு தனியாகத் தெரிகிறது.

3 நவம்பர்

இரணியலில் ஆட்டம். வருகிறேன் என்று செல்லபாய்தான் சொன்னாள்.

வியாகுலம்மாள் மீன் விற்றுவிட்டு வந்து முன்வரிசையில் உட்கார்ந்தாள். வெறுங்கடவத்தைச் செசிலி தூக்கி வந்திருந்தாள். சக்கை நன்றாகவே பேசியது. உச்சரிப்பு பழையபடிதான்.

முடியும்போது ஒரு சிறுமி எழுந்து, “சக்கைக்கு எத்தன வயசு?” என்று கேட்டாள். “நாலுதான், பாத்தா தெரியல்லியா?” என்று இன்னொருத்தி. என் பக்கத்தில் டாக்டர், பொம்மைக்கு வயது ஏது என்று சொல்லிச் சிரித்தார்.

விரிப்புக்குப் பின்னாலிருந்து பதில் வந்தது. சக்கையின் குரல் அல்ல, செல்லபாயின் குரல்.

“பதினாறு.”

“பதினாறு வயசுக்காரனுக்கு ‘ர’ வராதா?” என்று பிள்ளைகள் கூச்சல் போட்டார்கள்.

நான் மனதுக்குள் கழித்துப் பார்த்தேன். சரியாக இருந்தது.