டிஷ்ஷைத் திருப்பியது நீங்கள் இல்லை

என்னங்க, என் பிடிவாதக்கார மனுசரே,

முதலில் உங்கள் மேல் விழுந்த பழியைத் துடைத்துவிடுகிறேன். நம் வீட்டு டீவி சிக்னலை நீங்கள் கையோடு எடுத்துக்கொண்டு போகவில்லை. ஊரே கேட்கட்டும் என்றுதான் இதை இப்படி உரக்க எழுதுகிறேன்.

கருமாதி முடியும்வரை யாரும் டீவியைத் தொடவில்லை. முடிந்த மறுநாள் போட்டால், சிக்னல் இல்லை என்று நீலத் திரை வருகிறது. அவ்வளவுதான், ஆளாளுக்குப் பேச ஆரம்பித்துவிட்டார்கள். போகும்போது வீட்டுக் களையையும் சேர்த்துக் கொண்டுபோய்விட்டீர்களாம். வாழ்நாளெல்லாம் கடைக்குப் போனால் பையையே மறந்துவிட்டு வருகிற ஆள் நீங்கள். உங்களுக்கு இவ்வளவு சாமர்த்தியம் ஏது?

உங்கள் தம்பிக்கு இது நல்ல சாக்காகிவிட்டது.

"இந்த வீட்ட வாடகைக்கு விட்டுட்டு எங்களோட சிம்பாங் அம்பாட்டுக்கு வந்துருங்கலா அண்ணி. ஒரு டீவிய சரி பண்ணவே ஆள் இல்ல. தனியா எப்படி இருப்பீங்க?"

அவர் கெட்டவர் இல்லை. அண்ணனுக்குப் பிள்ளை இல்லை, அண்ணியை நாம்தான் பார்க்க வேண்டும் என்ற பாசம். ஆனால் அந்தப் பாசம் அவர் வீட்டுப் பின்னறையில் ஒரு கட்டிலாக முடியும் என்று எனக்குத் தெரியும். அவர்கள் எழும் நேரத்துக்கு எழுந்து, அவர்கள் பார்க்கும் நாடகத்தைப் பார்த்து, மீதி ஆயுளை விருந்தாளியாகக் கழிக்க வேண்டும். நாம் இரண்டு பேரும் ஃபேக்டரியில் ஓவர்டைம் பார்த்து வாங்கிய வீடு இது. நான் ஏன் போக வேண்டும்?

வேண்டாம் என்று சொன்னேன். காதில் விழவில்லை. சனிக்கிழமை காலையில் லோரியோடு வந்து நின்றார். நான் பேசிக்கொண்டிருக்கும்போதே நம் கட்டில் லோரியில் ஏறிவிட்டது. எனக்கு வந்தது பாருங்கள் கோபம், நேராகப் பின்பக்கம் போய் ஏணியை இழுத்து வந்தேன். ஏறத் தோதாக உங்கள் சிலுவாரைக் காலில் மாட்டிக்கொண்டேன். பக்கத்து வீட்டு மலாய்க்கார அம்மா காக் ரோஸைக் கூப்பிட்டு டீவி முன்னால் நிறுத்தினேன்.

இத்தனை வருஷமாக நீங்கள் ஏணியில் நின்று "வந்துச்சா?" என்று கத்துவீர்கள். நான் உள்ளே நின்று திரையைப் பார்த்துப் பதில் சொல்வேன். ஏணியில்தான் ஏறியதில்லையே தவிர, அந்த இரண்டு கோடுகளும் எனக்கு மனப்பாடம். ஒன்று சிக்னலின் பலம், இன்னொன்று தரம். பலம் நன்றாக இருந்தது, தரம் சுழியம். அப்படியென்றால் பெட்டியும் வயரும் உயிரோடுதான் இருக்கின்றன, டிஷ்தான் வேறு எங்கோ பார்க்கிறது.

"அண்ணி, எறங்குங்க! பாக்குறவங்க என்ன சொல்வாங்க?"

"சொல்றவங்கள வந்து ஏணியப் புடிக்கச் சொல்லுங்க தம்பி."

அவரே வந்து பிடித்தார்.

மேலே போய்ப் பார்த்தால், டிஷ்ஷின் கழுத்தில் மஞ்சள் நைலான் கயிறு. உங்கள் சாவுக்கு வாசலில் போட்ட கெமாவின் கயிறு! அன்று காற்றில் அந்தக் கூடாரம் ஆடியபோது உங்கள் தம்பிதான் ஓடிப்போய் மேலே எதிலோ இழுத்துக் கட்டினார். கெமாவைப் பிரிக்க வந்தவர்கள் கீழேயே அறுத்துக்கொண்டு போய்விட்டார்கள். அந்த இழுப்பில் நம் டிஷ் எதிர்வீட்டுத் தண்ணீர்த் தொட்டியைப் பார்த்தபடி நிற்கிறது.

"இது யாரு போட்ட முடிச்சு தம்பி?"

அண்ணாந்து பார்த்தார். முகம் வாடிவிட்டது. ஆனாலும் வாய் சும்மா இருக்குமா? "தமிழ் சேனல்தானே அண்ணி, அப்படியே இந்தியா பக்கம் திருப்பிப் பாருங்களேன்" என்றார்.

நான் இந்தியாவைத் தேடவில்லை. நம் வரிசையில் எல்லா வீட்டு டிஷ்ஷும் ஒரே பக்கமாக அண்ணாந்து நிற்கின்றன. அதைப் பார்த்து நட்டைத் தளர்த்தி, விரல் அகலம் நகர்த்துவதும் நிறுத்திக் காத்திருப்பதுமாக இருந்தேன். அந்தக் கோடு மெதுவாகத்தான் ஏறும் என்று எனக்குத் தெரியாதா?

"வந்துச்சா?" என்று கத்தினேன்.

"சிகிட் லாகி, அக்கா!" என்று உள்ளேயிருந்து காக் ரோஸ். இன்னும் கொஞ்சமாம். திருப்பினேன். "டா டாபாட்! டா டாபாட்!" கிடைத்துவிட்டதாம். ஜன்னல் வழியாகத் தமிழ்ச் செய்தி வாசிக்கும் குரல் கேட்டது.

நட்டை முடுக்கிவிட்டு, டிஷ்ஷைப் பிடித்துக்கொண்டு அழுதேன். ஜெயித்ததற்கா? உங்கள் கேள்வியை என் வாயால் நானே கேட்க வேண்டி வந்ததற்கா? உங்களுக்குத் தெரிந்தால் சொல்லுங்கள்.

நான் கீழே இறங்கியபோது உங்கள் தம்பி லோரியிலிருந்து கட்டிலை இறக்கிக்கொண்டிருந்தார்.

"எங்க போடணும் அண்ணி?"

"எடுத்த எடத்துல."

நேற்றுப் பெருமழையில் சிக்னல் மறுபடியும் போனது. மழை விட்டதும் வந்துவிட்டது. இனி அதற்கும் உங்களைப் பழி சொல்ல யாருக்கும் தைரியம் வராது.

இப்போது புதுப் பேச்சு ஒன்று ஓடுகிறது. உங்கள் முதல் திதியைத் தம்பி வீட்டில் வைக்கலாமாம், அங்கே இடம் தாராளமாம். நான் விடுவேனா? அவர்கள் எல்லோரும் இங்கே வரட்டும், வயிறு நிறையச் சாப்பிடட்டும். உங்களுக்குப் போடும் இலை இந்தக் கூடத்தில்தான் விழும், என் கையால்தான் பரிமாறப்படும். பசியோடு சிம்பாங் அம்பாட் பக்கம் போய் அலையாதீர்கள். நேராக வீட்டுக்கு வாருங்கள், நான் இங்கேதான் இருப்பேன்.

புக்கிட் காத்தில் வீட்டை விட்டு நகராத,
உங்கள் பெண்சாதி
சரசு