முத்துநாயகத்துக்கு ஜாமீன் நின்றது

அய்யா துணை

புதுக்கடை,
கொல்லம் 1131 தை

கொழும்பில் இருக்கும் மகன் தாணுலிங்கத்துக்கு அப்பா எழுதுவது. உன் உடம்புக்கு ஒன்றும் வராமல் அய்யா காக்கட்டும். இங்கே நானும் உன் அம்மாவும் நடமாடுகிறோம், நலம் என்று எழுதக் கை கூசுகிறது.

உன் தம்பி முத்துநாயகத்தின் பேச்சையே எழுத வேண்டாம் என்று எழுதியிருந்தாய். செத்த பொன்னுலிங்கம் உன்னோடு ஒன்றாய்ப் படித்து வளர்ந்தவன், உன் கோபம் எனக்குப் புரியாமல் இல்லை. ஆனாலும் எழுதத்தான் போகிறேன், வேண்டுமானால் கிழித்துப் போடு. குளத்து மடையில் அடைத்த பாசியை எடுக்க இறங்குகிறவன் மேலே கல்லில் தோர்த்துத் துண்டைக் கட்டிவிட்டுத்தான் இறங்குவான், அதைக் கண்டால் யாரும் மடைப்பலகையைத் தூக்கக் கூடாது, இது நம் ஊரில் பால்குடி மறந்த பிள்ளைக்கும் தெரியும். வயல் காய்கிற அவசரத்தில் தம்பி தூக்கிவிட்டான், உள்ளே இறங்கியிருந்த பொன்னுலிங்கத்தைத் தண்ணீர் இழுத்துக்கொண்டது. தோர்த்தே இல்லை என்று சொல் என்று வக்கீல் படித்துப் படித்துச் சொன்னார். இவனோ தக்கலைக் கோர்ட்டில் ஏறி, தோர்த்தைக் கண்டேன், ஆரோ குளிச்சிட்டு மறந்துட்டுப் போனதாக்கும்னு நெனச்சேன் என்று சொல்லிவிட்டான். குற்றவாளி என்றுதான் தீர்ப்பு. ஆனால் முன்பின் வழக்கில்லாதவன், உண்மையைச் சொன்னவன் என்று ஜெயிலுக்கு அனுப்பாமல், ஒரு வருஷம் ஒழுங்காக இருக்க வேண்டும், கூப்பிட்டால் வந்து நிற்க வேண்டும் என்று நன்னடத்தை ஜாமீனில் விட்டார் மாஜிஸ்திரேட். நான் கையெழுத்துப் போட்டேன். சந்தோஷப்பட்டேன், பொய் சொல்வானேன். அது கோர்ட்டு வாசல் வரைக்கும்தான். பொன்னுலிங்கத்தின் பெண்டாட்டி செல்லத்தாய் அங்கே நின்றாள். உம்ம பிள்ளைய நீரு கூட்டிட்டுப் போறீரு, நான் ஆரைக் கூட்டிட்டுப் போவேன் என்று கேட்டாள்.

போன வாரம் தம்பி யாரிடமும் சொல்லாமல் செல்லத்தாயின் வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சிவிட்டு வந்தான். அவள் வரப்பை வெட்டி அத்தனையையும் வடிய விட்டுவிட்டாள். அவளைக் குறை சொல்ல மாட்டேன். அன்றிலிருந்து இவனுக்குச் சோறு இறங்கவில்லை. ஜெயிலிலேயே போட்டிருந்தா நல்லா இருந்திருக்கும்பா என்கிறான். உன் அம்மா கிணற்றுக் கயிற்றை உள்ளே வைத்துப் பூட்டுகிறாள். கோர்ட்டு கூப்பிடுகிற அன்று இவனைக் கொண்டுவந்து நிறுத்துகிறேன் என்று கையெழுத்துப் போட்டவன் நான். உயிரோடு நிறுத்த வேண்டுமே, எனக்குப் பயமாக இருக்கிறது மகனே. தபால்காரனைக் கண்டால், அண்ணன் எனக்கு ஏதாவது எழுதியிருக்கானா என்று என்னிடம் கேட்கிறான், இல்லை என்றால் எழுந்து போய்விடுகிறான். அவனை மன்னிக்கச் சொல்லி நான் கேட்கவில்லை. திட்டியாவது எழுது.

நோய்நொடி இல்லாமல் நீண்ட ஆயுசோடு இரு. பதில் கடிதத்தின் மேலே என் பெயர் வேண்டாம், அவன் பெயரைப் போட்டு அனுப்பு.

இப்படிக்கு,
உன் அப்பா
பகவதியப்பன்