எல்லோரும் பார்த்த முகம்

மார்ச் 4

கடையில் நாளை முதல் விடுப்பு. வயிற்றைத் தள்ளிக்கொண்டு ஒருத்தி முடி வெட்ட நின்றால் போதும், நாற்காலியில் உட்காருகிற எல்லாருக்கும் வாய் திறந்துகொள்கிறது. ஒரு அம்மா தன் மூன்று பிரசவத்தையும் சொல்லி முடிப்பதற்குள் நான் அவருக்கு இரண்டு அங்குலம் கூடுதலாக வெட்டிவிட்டேன். நல்லவேளை, கண்டுபிடிக்கவில்லை.

சாயங்காலம் மருத்துவச்சியைப் பார்த்தேன். எனக்கு ஒரே ஒரு ஆசைதான் என்றேன். பிறந்த உடனே, துடைக்கக்கூட வேண்டாம், அப்படியே என் நெஞ்சில் போட வேண்டும்.

"போட்டுடலாம். நீங்க ரெண்டு பேரும் ஒத்துழைச்சா சரி."

ரெண்டு பேர் என்றால் நானும் என் வீட்டுக்காரரும் என்று நினைத்தேன். நானும் குழந்தையுமாம்.

மார்ச் 9

இன்றும் வலி இல்லை. லிஃப்ட் ரிப்பேர் செய்கிற என் கணவர் குழந்தைக்குப் 'பயணி' என்று பேர் வைத்திருக்கிறார். "பயணி ஏறி உக்காந்துட்டு எறங்க மாட்டேங்குது. நான் வேணா வந்து கதவைத் திறக்கவா?" என்கிறார். அடிக்கக் கையோங்கினேன். வயிறு குறுக்கே நின்றதால் தப்பித்தார்.

மார்ச் 14

எழுதிவிட்டால் தேவலை.

முந்தாநாள் காலையில் வலி வந்தது. நன்றாகத்தான் போனது. ஆஸ்பத்திரி வராந்தாவில் அவர் தோளைப் பிடித்துக்கொண்டு நடந்தேன், வலி வரும்போது நின்றேன், போனதும் சிரித்தேன். மருத்துவச்சி, "இப்படியே போனா மத்தியானச் சாப்பாட்டுக்குள்ள முடிஞ்சிடும்" என்றார்.

மத்தியானம் போயிற்று. குழந்தையின் இதயத்துடிப்புச் சத்தம் அறையில் ஓடிக்கொண்டே இருந்தது. அது திடீரென்று மெதுவானது. மருத்துவச்சி என்னை இடப்பக்கம் திருப்பினார், பிறகு வலப்பக்கம். அதற்குப் பிறகு அவர் ஒரு ஜோக்கும் சொல்லவில்லை. டாக்டர் வந்தார். என்னிடம் பேசாமல் அந்த மிஷினைப் பார்த்தார். "உடனே எடுக்கணும்மா. முதுகுல ஊசி போட நேரமில்ல, முழு மயக்கம்தான்." கட்டிலோடு தள்ளிக்கொண்டு ஓடினார்கள். என் வீட்டுக்காரர் கை கதவு வரைக்கும் என் கையில் இருந்தது.

கண் விழித்தபோது நாக்கு வறண்டிருந்தது. வயிற்றில் கை வைத்தேன். காலி.

"எங்க?"

"பொண்ணும்மா," என்றார் நர்ஸ். "உள்ளேயே மலம் போயி, அதை மூச்சுல இழுத்துட்டா. மூச்சுக்குக் கஷ்டப்படறா, அதான் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பிட்டாங்க. உங்க வீட்டுக்காரர் கூடவே போயிருக்கார்."

என் குழந்தை பிறந்தபோது நான் அந்த அறையில்தான் இருந்தேன். ஆனால் நான் இல்லை.

மார்ச் 15

எனக்குக் காய்ச்சல். தையலில் கிருமி. காய்ச்சல் விடுகிற வரைக்கும் அந்த ஆஸ்பத்திரியின் குழந்தைகள் வார்டுக்குப் போகவே கூடாதாம்.

அவர் போனில் படம் கொண்டுவந்தார். கன்னத்தில் பிளாஸ்டர், வாயில் குழாய், தலையில் யாருடையதோ தொப்பி. பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். கடைசியில் வெறும் புள்ளிகள்தான் மிஞ்சின.

அத்தை (அவருடைய அம்மா) நேற்றே பார்த்துவிட்டார். "மூக்கு அப்படியே இவன் மூக்கு" என்று சொல்லிச் சொல்லி மாய்ந்துபோகிறார். என் நாத்தனாரும் பார்த்தாளாம். ஆம்புலன்ஸ் டிரைவர் பார்த்திருக்கிறார். சுமந்தவளைத் தவிர எல்லாரும் பார்த்தாயிற்று.

"அழுதாளா?" என்று கேட்டேன்.

அவர் போனை வாங்கிப் பைக்குள் போட்டுக்கொண்டார். "தொண்டையில குழாய் இருக்குல்ல. சத்தம் வராது. முகம் மட்டும் அழும்."

ஏன் கேட்டேன்?

மார்ச் 16

பக்கத்துக் கட்டில் குழந்தை வீறிட்டது. என் சட்டை பாலில் நனைந்துவிட்டது. யார் பெற்ற பிள்ளைக்கோ என் உடம்பு பதில் சொல்கிறது.

நர்ஸ் கையால் பீய்ச்சக் கற்றுக்கொடுத்தார். அரைமணி நேரம் போராடி, ஊசிக்குழாயில் அடி மட்டும் மூடுகிற அளவு மஞ்சளாக வந்தது. என் வீட்டுக்காரர் அதைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு, பஸ்ஸில் யாரும் இடிக்காமல் மார்பைக் குறுக்கிக்கொண்டு போனாராம்.

அந்தச் சொட்டு போய்ச் சேர்ந்துவிட்டது. நான் இங்கேயேதான் கிடக்கிறேன்.

மார்ச் 17

அத்தையோடு சண்டை. சண்டை என்று சொல்ல முடியாது, நான் மட்டும்தான் போட்டேன்.

"இப்பெல்லாம் பாதிப்பேருக்கு ஆபரேஷன்தானேம்மா. புள்ள உசுரோட இருக்கு, அது போதாதா?" என்றார்.

"போதாது அத்தை. நீங்க பாத்துட்டீங்க, உங்களுக்குப் போதும். எனக்கு எப்படிப் போதும்?"

அறையே திரும்பிப் பார்த்தது. அத்தை பையிலிருந்து சீப்பை எடுத்து என் பின்னால் உட்கார்ந்தார். இத்தனை நாள் படுத்தே கிடந்ததில் முடியெல்லாம் சடை. சிக்கெடுக்கத் தெரியவில்லை அவருக்கு. நுனியிலிருந்து வரவேண்டும், அவர் உச்சியிலிருந்து இழுத்தார். உயிர் போனது. தொழில் தெரிந்தவள் நான், வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

முதுகுக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது.

"நான் அவளைத் தொடலம்மா. நர்ஸு கை வச்சுப் பாருங்கன்னுச்சு. அவ அம்மா முதல்ல தொடட்டும்னு சொல்லிட்டேன். உன் புருஷன்தான் விரலைக் கொடுத்துட்டான், அவனை என்ன பண்றது?"

சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. தையல் இரண்டையும் தாங்கவில்லை.

மார்ச் 19

காய்ச்சல் விட்டுவிட்டது. போனேன்.

அந்த ஆஸ்பத்திரியில் அவர் என்னைச் சக்கர நாற்காலியில் வைத்துத் தள்ளிக்கொண்டு போனார். லிஃப்டில் ஏறியதும் காதைத் தீட்டிக்கொண்டு, "இதுக்கு எண்ணெய் போட்டு எத்தனை மாசமாச்சோ" என்று ஆரம்பித்தார். "ஐயோ, அதை விடுங்களேன்!"

வார்டில் வரிசையாகக் கண்ணாடிப் பெட்டிகள். "எது?" என்று கேட்டேன்.

கேட்டுவிட்டேன். ஒரு தாய், தன் பிள்ளை எது என்று.

குழாயை எடுத்துவிட்டார்கள். தூங்கிக்கொண்டிருந்தாள். ஓட்டை வழியாகக் கை விட்டு அவள் காலைப் பிடித்தேன். சூடாக இருந்தது. அவ்வளவுதான். பக்கத்து வீட்டுக் குழந்தையைப் பார்க்கப் போன மாதிரி, மரியாதையாக நின்றேன். அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். சிரித்து வைத்தேன்.

அப்படியென்றால் இத்தனை நாள் நான் யாருக்காக ஏங்கினேன்? இவளுக்காகவா? இல்ல, அன்னிக்கு என் நெஞ்சுல போட்டிருக்க வேண்டியவளுக்காகவா? அவ எங்க போனா?

யார்ட்ட சொல்றது இதை?

மார்ச் 21

இன்று நெஞ்சில் போட்டார்கள். துடைத்து, தொப்பி மாட்டி, ஒயர்களோடு.

கண்ணீர் வரும் என்று பார்த்தேன். வரவில்லை. பொழுதுபோகாமல் தொப்பியை நகர்த்தினேன், தொழில் புத்தி. நல்ல அடர்த்தி. சுழி நடுவில் இல்லை, இடப்பக்கம் ஒதுங்கி, கொஞ்சம் மேலே. இந்தத் தலைக்கு வகிடு எடுப்பது பெரும்பாடு.

"இவ சுழி ஒதுங்கியிருக்கு, பாத்தீங்களா?"

அவர் எட்டிப் பார்த்தார். "அட. நான் கவனிக்கவே இல்லையே. தொப்பியோடதான் பாத்திருக்கேன்."

அத்தையும் பார்த்ததில்லையாம்.

விரலால் அந்தச் சுழியைச் சுற்றிக்கொண்டே இருந்தேன். நர்ஸ் வந்து நேரமாயிற்று என்றபோது, "இன்னும் கொஞ்ச நேரம்" என்று என் வாய் தானாகச் சொன்னது.

ஏப்ரல் 6

வீட்டுக்கு வந்துவிட்டாள். தெருவே கூடுகிற மாதிரி கத்துகிறாள். அவர் காதைப் பொத்திக்கொண்டு ஓடுகிறார். நான் உடனே தூக்கவில்லை, ஒரு நிமிஷம் கேட்டுக்கொண்டு நின்றேன். பாவம், பிறகு தூக்கினேன்.

ஜூலை 2

கடைக்கு முதல் நாள், அரைநாள் மட்டும்.

ஒரு வாடிக்கையாளர் வழக்கம்போல, "நார்மலா, ஆபரேஷனா?" என்றார். இந்தக் கேள்வி இத்தனை நாள் முள்ளாகக் குத்தியது. கடைத்தெருவில் ஒருமுறை பதில் சொல்லாமலே வந்திருக்கிறேன். இன்று "ஆபரேஷன்" என்று சொல்லிவிட்டு, காதோரம் சமமாக இருக்கிறதா என்று பார்த்தேன். அவர் போன பிறகு முடியைக் கூட்டும்போதுதான் உறைத்தது, எனக்கு வலிக்கவில்லை.

வேறொன்று வலித்தது. பால் கட்டி மார்பு கல்லாகிவிட்டது. இந்நேரம் எழுந்திருப்பாள். எழுந்ததும் வலது கையை வாயில் திணித்துக்கொண்டு கதவைப் பார்ப்பாள்.

"இன்னும் நேரம் இருக்கே," என்றார் முதலாளியம்மா.

"தெரியும்க்கா," என்றேன். அதற்குள் ஏப்ரனைக் கழற்றியிருந்தேன்.

நடந்தேன் என்று சொல்ல முடியாது. தெருமுனையில் அத்தை அவளைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றிருந்தார்.

"எதுக்கு இப்படி ஓடி வர்ற? இப்பத்தான் தூங்கினா."

"கொடுங்க."

"தூங்கறாம்மா, முழிச்சுக்குவா."

"முழிச்சுக்கட்டும் அத்தை. கொடுங்க."