நீ விட்டுப்போன இரண்டு பக்கம்

இன்று காலை என் கைப்பேசி நின்றுவிட்டது. இடம் இல்லையாம். மகள் வாங்கிப் பார்த்தாள். எதையாவது அழித்தால்தான் ஓடும் என்று சொல்லி, பெரிய பதிவுகளை வரிசையாக இறக்கிக் காட்டினாள். எல்லாவற்றுக்கும் மேலே நின்றது உன் குரல். நாற்பத்தொரு நிமிடம்.

"ம்மா, இத நீ தொறக்கவே இல்லயே. டிலிட் பண்ணிடவா?"

அவள் கட்டைவிரல் அதன்மேல் நின்றது. நான் போட்ட சத்தத்தில் அடுப்படிப் பூனை வெளியே பாய்ந்தது. தேத்தண்ணி குவளை கவிழ்ந்தது. ஒரு கட்டைவிரலைப் பார்த்து இப்படிப் பதறுவேன் என்று யாராவது சொல்லியிருந்தால் நானே சிரித்திருப்பேன். நீ போய் மூன்று மாதம் ஆகிறது. 

இந்தக் கூத்தை ஆரம்பித்தவள் நீதானே! தேயிலைத் தோட்டத்தில் ஒரே லயத்து வீட்டு வரிசையில் பிறந்த நாலு பேரும் நாலு பக்கம் போய்விட்டோம். நீ உன் வீட்டுக்காரரோடு கம்போங் ராஜாவுக்கு, கண்மணி திரிங்காப் பூத்தோட்டத்துக்கு, ஆரோக்கியம் அண்ணன் லோரி ஓட்டிக்கொண்டு ஜொகூருக்கு. தோட்டத்தில் மிஞ்சியது நான் ஒருத்திதான், சுற்றுலாக்காரர்கள் குடித்து வைத்த கோப்பைகளைக் கழுவிக்கொண்டு. நம் வாட்ஸ்அப் புலனக் குழுவில் காலை வணக்கம் சொல்லும் பூப் படங்களைத் தவிர ஒன்றும் வராது. ஒருநாள் நீ பேசி அனுப்பினாய்.

"பூ போதும் லா. ஒரு புக்கு படிப்போமா?"

"நான் நாலாவதோட நின்னவ. கடைசியா முழுசாப் படிச்சது தைல பாட்டிலு," என்றேன்.

"வாய்தான் இவ்ளோ நீளமா இருக்கே. அத வச்சு சத்தமாப் படி. நாங்க கேக்குறோம்."

அப்படித்தான் குரல் பதிவில் படிப்பது என்று ஆனது. முதல் புத்தகத்தை நாம் படித்த அழகை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. வேலையைப் பிரிக்க நமக்குத் தெரிந்தது ஒரே வழி, நிரை. தேயிலைக் காட்டில் ஆளுக்கு ஒரு நிரை பிடிப்போம். தன் நிரையில் கொழுந்தெடுத்து முடித்தவள் திரும்பிப் போய்ப் பக்கத்து நிரைக்குக் கை கொடுப்பாள். எல்லோரும் சேர்ந்துதான் மேட்டுக்கு ஏறுவோம். நீ எப்போதும் கடைசி. நான் எப்போதும் உன் நிரையில்தான் வந்து நிற்பேன். அதே போலப் புத்தகத்தையும் நாலு நிரையாக வெட்டி, ஆளுக்கு ஒன்று எடுத்துக்கொண்டோம். அவரவர் தன்னுடையதை மட்டும் படித்துப் பதிந்துவிட்டு, மற்றவருடையதைக் கேட்காமலே ஞாயிற்றுக்கிழமை காணொலியில் கூடினோம்.

கண்மணி மூக்கைச் சிந்தினாள். "பாவம், அந்த அப்பாவ எரிச்சிட்டாங்க."

"யார எரிச்சாங்க?" அண்ணன் கத்தினார். "என் பக்கத்துல அவரு ரெண்டாங் கல்யாணத்துக்குப் பொண்ணு பாத்துக்கிட்டு இருக்காரு லா!"

"செத்தவருக்கா பொண்ணு பாக்குறீங்க?"

நீ சிரித்த சிரிப்பில் திரையில் உன் கூரைதான் தெரிந்தது. பிறகு சட்டம் போட்டாய். முதல் நிரை வந்து எல்லோரும் கேட்ட பிறகுதான் அடுத்ததைத் திறக்க வேண்டும். "தாண்டிப் போறவ தேயிலைத் திருடி" என்றாய்.

இரண்டாவது புத்தகத்துக்கு நீ கேட்டது மெல்லிசானது. காணாமல் போன ஆட்டைத் தேடிப் போகிற ஒரு பெண்ணின் கதை, நாற்பது பக்கம். நான் கேட்டது நூற்று நாற்பது பக்கத்துக் குடும்பக் கதை. படிக்கிற ஆசையில் கேட்டேன் என்று நினைக்காதே. உன்னோடு மல்லுக்கட்டத்தான். கண்மணிக்கும் அண்ணனுக்கும் தனித்தனியாகப் போன் போட்டு ஓட்டுச் சேர்த்தேன். "ஆடு தேடுறவ பின்னால போக நமக்கென்ன வேற வேல இல்லயா?" என்று குழுவிலும் பேசினேன். மூன்றுக்கு ஒன்று, நீ தோற்றாய்.

"சரிடி. ஆனா கடைசி நெர எனக்கு," என்றாய்.

நாலே நாளில் உன் நாற்பத்தொரு நிமிடம் வந்து விழுந்தது. முதல் நிரை பிடித்த கண்மணி அப்போது அட்டையைக்கூடத் திறக்கவில்லை. நான் விடுவேனா?

"காட்டுல பூரா நீதான் கடைசி. புக்குல மட்டும் என்னாடி அவசரம்? கொழுந்து லோரி கிளம்பிருமா?"

நீ ஒரு சிரிக்கும் முகத்தை மட்டும் அனுப்பினாய். அந்த மஞ்சள் முகத்தை நான் மறுபடி மறுபடி திறந்து பார்த்திருக்கிறேன். அது சிரிக்கத்தான் செய்கிறது.

அடுத்த மாதம், கோப்பை கழுவிக்கொண்டிருந்தபோது கண்மணி அழைத்தாள். "அக்கா, அவங்க போயிட்டாங்க."

"எங்க போயிட்டா?" என்று கேட்டேன். உண்மையாகவே அப்படித்தான் கேட்டேன். தானா ராத்தாவுக்குச் சாமான் வாங்கப் போயிருப்பாய் என்றுதான் வாய் நினைத்தது.

உன் வீட்டு வாசலில் உன் வீட்டுக்காரர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "டாக்டரு எப்பவோ சொல்லிட்டாரும்மா. யாருகிட்டயும் சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டா. அந்தப் பெரிய புக்குதான்... முடிக்க முடியாம போயிருமோன்னு சொல்லிக்கிட்டே இருந்தா."

முற்றத்தில் போட்டிருந்த நாற்காலியை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். மெல்லிசு, தடிசு, கடைசி நிரை, லோரி. ஒவ்வொன்றாக வந்து முகத்தில் அறைந்தது. உள்ளே உனக்கு மாலை போட்டுக்கொண்டிருந்தார்கள். நான் உன்னை எதற்காகக் கேலி செய்தேன் என்பது அந்த வாசலில்தான் எனக்குத் தெரிந்தது.

கண்மணியும் அண்ணனும் அழுதுகொண்டே தங்கள் நிரைகளை முடித்து அனுப்பிவிட்டார்கள். மூன்றாவது நான். எழுத்துக் கூட்ட வரவில்லை என்று அவர்களிடம் சாக்குச் சொன்னேன். பொய். என் நிரை முடிந்தால் அடுத்தது உன்னுடையது. உன்னுடையதைக் கேட்டுவிட்டால் பிறகு நீ புதிதாகச் சொல்ல ஒன்றும் இருக்காது. அதனால் என் நிரையைத் தொடாமலே முட்டாளாக உட்கார்ந்திருந்தேன். மற்ற இரண்டு பேரும் உன் சட்டத்தை மதித்து, எனக்காகக் காத்திருந்தார்கள்.

இன்று அந்தக் கட்டைவிரல் என்னை எழுப்பிவிட்டது. மகள் காலை வணக்கப் பூக்களை அழித்துக் கொஞ்சம் இடம் பண்ணிக் கொடுத்தாள். வேலைக்குப் போகவில்லை. பின்கட்டில் பனி விலகாத படியில் உட்கார்ந்து, விரலை எழுத்தின்மேல் வைத்துப் படித்தேன். திக்கினேன், இருமினேன், ஒரு வரியை இரண்டு தடவை படித்தேன். மத்தியானத்துக்குள் முடித்து அனுப்பினேன். பிறகு உன்னைத் திறந்தேன்.

நன்றாகத்தான் படித்திருந்தாய். நடுவில் தண்ணீர் குடிக்கிற சத்தம். உன் வீட்டு மழைச் சத்தம். முப்பத்தொன்பதாவது நிமிடத்தில் சட்டென்று கதை நின்றது.

"ஏய் வாயாடி. இங்க வரைக்கும் வந்துட்டியா? அடியாத்தி! ரெண்டு பக்கம் பாக்கி இருக்குடி. மேட்டுல ஏறுன மாதிரி மூச்சு வாங்குது. எத்தன வருசம் என் நெரையில வந்து கை குடுத்த. இதுக்கும் குடுத்துட்டுப் போ."

அதன்பிறகு மழை மட்டும் கேட்டது, பதிவு முடிகிற வரை.

பெயரைக்கூடச் சொல்லவில்லை. வாயாடி என்றால் நான்தான்; கண்மணிக்கு என்று நினைத்துக்கொள்ளவும் எனக்கு வழி வைக்கவில்லை. ஓட்டில் உன்னைத் தோற்கடித்த நாலாம் நாளே, இந்த வேலையை என் தலையில் கட்டியிருக்கிறாய். நான் உன்னைக் கேலி செய்து முடிப்பதற்கு முன்பே.

அந்த இரண்டு பக்கத்தையும் படித்தேன். கதையில் என்ன ஆனது என்று உனக்குச் சொல்ல மாட்டேன். நீ முன்னாலேயே பார்த்திருப்பாய், திருடி. உன் பதிவுக்கு மறுமொழியாக இப்போது என் பதிவு நிற்கிறது. அடுத்து ஆடு தேடுகிற கதை. நாலு ஓட்டு விழுந்தது. உன்னுடையதையும் எண்ணிவிட்டேன்.

கைப்பேசி இன்னும் இடம் இல்லை என்று முனகியது. என் முகம் இருந்த படங்களை எல்லாம் அழித்துவிட்டேன். "அந்த மூஞ்சிய மொதல்லயே அழிச்சிருக்கணும் லா" என்று நீ சொல்வாய். சொல்லிக்கொள். உனக்கு நாற்பத்தொரு நிமிட இடம் வைத்திருக்கிறேன்.