தொந்தரவு இல்லை, பழக்கம்

அப்பாவுக்கு,

நான் நலம். நீங்கள் எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்கமாட்டேன். "நல்லா இருக்கோம்" என்றுதான் எழுதுவீர்கள்.

எரிமலைப் பூங்காவைப் பார்க்க நீங்களும் அம்மாவும் நிரப்பி அனுப்பிய படிவங்கள் என் மேசைக்கே வந்தன. அவற்றைச் சரிபார்த்து முத்திரை குத்துவதுதான் இங்கே என் வேலை. "மூச்சுத் தொந்தரவு உண்டா?" என்பதற்கு "இல்லை" என்று எழுதியிருக்கிறீர்கள். நாலு படி ஏறினாலே இழுக்கும். கேட்டால் "இது தொந்தரவு இல்லம்மா, பழக்கம்" என்பீர்கள்.

நேற்று ஒரு பெரியவரும் அப்படித்தான் எழுதியிருந்தார். திடீரென்று காற்று திரும்பி, மலைப்புகை பாதையில் இறங்கியது. மூச்சுத் திணறிய அவரை நாற்காலியில் வைத்துத் தூக்கி வந்தோம். இப்போது தேறிவிட்டார், டீ ஆறிப்போச்சு என்று என்னைத் திட்டக்கூடச் செய்தார். அவர் படிவத்தில் முத்திரை குத்தியது நான்தான்.

இந்தக் கடிதத்தோடு புதுப் படிவம் வைத்திருக்கிறேன். உண்மையை எழுதுங்கள். மேலே விடமாட்டேன், ஆனாலும் வாருங்கள். அம்மா மலையேறிவிட்டு வரட்டும். நாம் என் அறை ஜன்னலோரம் உட்கார்ந்து புகையைப் பார்க்கலாம். இன்ஹேலர் இரண்டு எடுத்து வாருங்கள். அம்மாவின் பழைய சேலை ஒன்றும் வேண்டும், போர்த்திக்கொள்ள.

தபால் வண்டி வந்துவிட்டது. மறுபடியும் "இல்லை" என்று எழுதிவிடாதீர்கள், அப்பா. நீங்கள் சொன்னால் நம்பிவிடுவது எனக்கும் பழக்கம்.

உங்கள் மகள்